கணிப்பொறி நிறுவலில் பொது இயக்கிகளின் பங்கு

அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கணிப்பொறி வழங்கும் திட்டங்களை மதிப்பிடுகையில், எத்தனை இயந்திரங்கள் வாங்கப்பட்டன, எவ்வளவு தொகை செலவிடப்பட்டது என்னும் இரண்டு கணக்குகளே பெரும்பாலும் முன்வைக்கப்படுகின்றன. வாங்கிய இயந்திரம் முதல் நாளிலேயே இயங்கியதா, சில ஆண்டுகள் கழித்து அதில் வேறோர் இயக்க முறைமையை நிறுவ முற்பட்டபோது அது இடம் கொடுத்ததா என்னும் கேள்விகள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஆனால் முதலீட்டின் பயன் உண்மையில் இக்கேள்விகளுக்குரிய விடையைப் பொறுத்தே அமைகிறது.

இக்கேள்வி இப்போது கூடுதல் முக்கியத்துவம் பெற்றுள்ளது. விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலிகளையும் ஒரு தனிப் பாதுகாப்புச் சில்லையும் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. எனவே, நல்ல நிலையில் உள்ள பல இயந்திரங்களுக்கு முன் இரண்டே வழிகள்தாம் உள்ளன: லினக்ஸ் வகையைச் சேர்ந்த ஓர் இயக்க முறைமையை ஏற்பது, அல்லது மின்னணுக் கழிவாக வெளியேறுவது. முதல் வழியைத் தேர்ந்து நிறுவலைத் தொடங்கும் ஊழியர், சில நிமிடங்களில் ஒரு செய்தியைத் திரையில் காணக்கூடும். ‘வட்டு எதுவும் காணப்படவில்லை’ என்பதே அச்செய்தி. வட்டு இருக்கிறது, பழுதின்றியும் இருக்கிறது. அதை அடையும் வழியைத்தான் நிறுவல் நிரல் அறியவில்லை. இந்நிலையில் கைகொடுப்பதற்கென அமைந்தவையே பொது இயக்கிகள் ஆகும்.

வட்டு ‘மறைந்து போவது’ ஏன்?

கணிப்பொறியின் மையச் செயலி, வட்டோடு நேரடியாகப் பேசுவதில்லை. இரண்டுக்கும் இடையில் கட்டுப்படுத்தி என்னும் மின்னணுச் சுற்று உள்ளது. முன்பு தனி அட்டையாக இருந்த இது, இன்று தாய்ப்பலகையிலுள்ள பெரிய சில்லு ஒன்றின் உட்பகுதியாகவோ வட்டின் உள்ளேயே அமைந்ததாகவோ இருக்கிறது. கட்டுப்படுத்திக்கு எவ்விதம் ஆணையிட வேண்டும், விடையை எங்கே பெற வேண்டும் என்பதை அறிந்த மென்பொருளே டிரைவர் எனப்படும் இயக்கி.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுவதை நிறுவலில் ஈடுபட்ட பலரும் கண்டிருப்பர். நிறுவல் நிரல் பென் டிரைவிலிருந்தோ குறுந்தகட்டிலிருந்தோ சிக்கலின்றித் தொடங்குகிறது. படங்களும் எழுத்துகளும் தெளிவாகத் தோன்றுகின்றன. வட்டு மட்டும் தெரிவதில்லை. இயந்திரத்தை உயிர்ப்பித்தவுடன் முதலில் இயங்குவது, தாய்ப்பலகையில் பதிக்கப்பட்டுள்ள பயாஸ் அல்லது அதன் வழித்தோன்றலான யு.இ.எஃப்.ஐ. என்னும் நிலைபொருள். வட்டைப் படிக்கத் தேவையான சிறிய வழிமுறைகள் அதில் உண்டு. இயக்க முறைமையின் கருநிரலை நினைவகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதுவே. கருநிரல் பொறுப்பை ஏற்றவுடன் நிலைபொருளின் அந்தச் சேவைகள் முடிவுக்கு வருகின்றன. யு.இ.எஃப்.ஐ. முறையில் இது விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. தொடக்கச் சேவைகளை முடித்துக்கொள்வதாகக் கருநிரல் அறிவித்த கணம் முதல், வட்டைப் படிக்குமாறு நிலைபொருளை அது மீண்டும் கேட்க இயலாது. ஆற்றைக் கடந்ததும் ஓடம் திரும்பிப் போய்விடுகிறது என்று கூறலாம்.

காட்சித்திரைக்கு இந்தத் துன்பம் இல்லை. திரைக்கான நினைவகப் பகுதி ஒன்றை நிலைபொருள் முன்னரே ஏற்பாடு செய்துவிடுவதால், காட்சிச் சில்லை இனங்காணாத கருநிரலும் அப்பகுதியில் எழுதிப் படத்தைக் காட்ட முடிகிறது. வட்டு அவ்வாறு அன்று. ஒவ்வொரு முறை படிக்கவும் எழுதவும் கட்டுப்படுத்தியோடு உரையாடல் தேவை. அந்த உரையாடலின் மொழி தெரியாவிடில் ஒரு சொல்லும் நகராது.

பழைய இயந்திரங்களில் ஓடம் திரும்பிப் போகாமலே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95, தனக்குத் தெரியாத கட்டுப்படுத்தியைச் சந்தித்தால், செயலியைப் பழைய முறைக்கு மாற்றி பயாஸின் உதவியையே ஒவ்வொரு முறையும் நாடும். எம்.எஸ்.-டாஸ் ஒத்திசைவு முறை என்று அது பெயர் பெற்றது. இயந்திரம் தளர்ந்த நடையில் இயங்கினாலும் வேலை நடந்தது. பின்னர் வந்த முறைமைகள் இவ்வழியைக் கைவிட்டன. பழைய பயாஸ் ஒத்திசைவை 2020-க்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக இன்டெல் நிறுவனம் 2017-இல் அறிவித்ததோடு, அதற்கான அடிப்படையும் மறையத் தொடங்கியது.

1984-இன் ஏற்பாடு

நிலைபொருளின் துணையும் இல்லை, உரிய இயக்கியும் இல்லை என்ற நிலையில் பொது இயக்கி எதை நம்பி இயங்குகிறது என்பது இயல்பாக எழும் வினா. அதன் நம்பிக்கை, வெளிப்படையாக வகுக்கப்பட்டுப் பலரும் பின்பற்றிய ஒரு பழைய மரபின் மீதே நிற்கிறது.

ஐ.பி.எம். நிறுவனம் 1984-இல் வெளியிட்ட பி.சி.-ஏ.டி. இயந்திரத்தில், வட்டுக் கட்டுப்படுத்தியின் பதிவகங்கள் குறிப்பிட்ட சில முகவரிகளில் அமைக்கப்பட்டன. பணி முடிந்ததைச் செயலிக்குத் தெரிவிக்க 14 என்னும் குறுக்கீட்டு எண் ஒதுக்கப்பட்டது. பிறகு இரண்டாவது தடத்துக்கு 170 என்னும் பதினாறெண் முகவரியும் 15 என்னும் குறுக்கீட்டு எண்ணும் வழக்கமாயின. அந்த இயந்திரத்தைப் பின்பற்றித் தயாரித்த நிறுவனங்கள் அதே முகவரிகளைக் கைக்கொண்டன. கட்டுப்படுத்தியின் பெரும்பகுதியை வட்டின் மீதே அமைக்கும் ஐ.டி.இ. முறை 1986-இல் தோன்றியபோதும் இவ்வேற்பாடு மாறவில்லை. 1994-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் இதனை ஏ.டி.ஏ. என்னும் பெயரில் தரநிலையாக ஏற்றது. இதன் விளைவாக, சில்லைத் தயாரித்தவர் எவராயினும், அது பழைய ஒத்திசைவு முறையில் வைக்கப்பட்டிருக்கும் வரை, எந்த முகவரியில் எந்த ஆணையை எழுதினால் வட்டின் எந்தப் பகுதி படிக்கப்படும் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தியாயிற்று.

அடுத்த முன்னேற்றம் பி.சி.ஐ. என்னும் இணைப்புத் தடத்தால் ஏற்பட்டது. இத்தடத்தில் பொருத்தப்படும் ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றிய சில எண்களைத் தாங்கி நிற்கிறது. தயாரிப்பாளர் எண் ஒன்று. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086 என்பது பலருக்குத் தெரிந்ததே. கருவியின் எண் மற்றொன்று. இவ்விரண்டும் ஓர் ஆளின் பெயரையும் ஊரையும் போன்றவை. இவற்றோடு வகுப்பு எண் என்று ஒன்றும் உண்டு. அது தொழிலைக் கூறுவது. வகுப்பு 01 எனில் சேமிப்புக் கருவி. அதனுள் உட்பிரிவு 01 எனில் ஐ.டி.இ., 04 எனில் ரெய்டு, 06 எனில் சாட்டா, 08 எனில் என்.வி.எம்.இ. வகையைச் சேர்ந்தது.

தனி இயக்கி பெயரைப் பார்த்துக் கருவியை ஏற்கிறது. பட்டியலில் உள்ள பெயர்களுக்கு மட்டுமே அது பணி செய்யும். இயக்க முறைமை வெளியான பிறகு சந்தைக்கு வந்த சில்லு அப்பட்டியலில் இருக்க வாய்ப்பில்லை. பொது இயக்கியோ தொழிலைப் பார்த்து ஏற்கிறது. லினக்ஸ் கருநிரலில் உள்ள பொது ஏ.டி.ஏ. இயக்கியை இதற்குச் சான்றாகக் கூறலாம். இயல்பு நிலையில் அது தெரிந்த சில சில்லுகளை மட்டுமே ஏற்கிறது; பயனாளர் தொடக்கத்தில் ஒரு குறிப்பைக் கொடுத்தால், ஐ.டி.இ. வகுப்பைச் சேர்ந்த எதையும் ஏற்றுக்கொள்கிறது. எல்லாவற்றையும் முதலிலேயே தன்வசப்படுத்திக்கொண்டால், தனி இயக்கி பின்னர் வரும்போது அதற்கு இடம் இல்லாமற் போய்விடும் என்பதே இத்தயக்கத்துக்குக் காரணம். மேலும், சில்லின் நேர அளவுகளை அது மாற்றியமைக்க முற்படுவதில்லை. நிலைபொருள் எந்த வேகத்தை ஏற்படுத்தி வைத்ததோ அதையே ஏற்றுத் தொடர்கிறது. தெரியாத இயந்திரத்தில் கை வைக்காதிருப்பதே நன்று என்னும் இந்தப் பழமைவாதம், பொது இயக்கியைப் பொறுத்தவரை ஒரு நற்குணம்.

வேகத்தில் ஏற்படும் இழப்பு

பொது வழியில் செல்வதற்கு ஒரு விலை உண்டு. எல்லா நிலையங்களிலும் நிற்கும் பயணிகள் ரயிலைப் போல அது ஊர் கொண்டு சேர்க்கும். விரைவை எதிர்பார்க்க இயலாது.

பழைய ஏற்பாட்டின் மிக எளிய முறையில், வட்டிலிருந்து வரும் ஒவ்வொரு 2 பைட்டையும் மையச் செயலியே தன் கையால் எடுத்து நினைவகத்தில் வைக்கிறது. வட்டின் ஒரு பகுதி 512 பைட்டு. ஆகவே ஒரு பகுதியைப் படிக்க 256 முறை எடுத்து வைக்க வேண்டும். ஒரு ஜிகாபைட்டுக்கு இது 53 கோடியே 68 லட்சம் முறைக்கும் மேலாகிறது. இம்முறையின் மிகத் தாழ்ந்த படியில் உச்ச வேகம் வினாடிக்கு 3.3 மெகாபைட், ஒரு ஜிகாபைட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். வழக்கில் இருந்த மேற்படியான நான்காம் படியில் 16.7 மெகாபைட், ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். செயலியின் தலையீடின்றி நேரடியாக நினைவகத்துக்குச் செல்லும் முறையின் 133 மெகாபைட் வேகத்தில் இதே வேலை எட்டு வினாடியில் முடியும். நேர இழப்பைக் காட்டிலும் பெரிய இழப்பு, எளிய முறையில் செயலி வேறு வேலைகளுக்குக் கிடைக்காமற் போவதே.

ஆயினும் இவ்விழப்பை அதன் உரிய இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறுவல் என்பது இயந்திரத்தின் வாழ்நாளில் சில முறையே நிகழ்வது. நிறுவி முடித்ததும் வலைத்தொடர்பு கிடைத்துவிட்டால் தனி இயக்கியைப் பெற்றுப் பொருத்திக்கொள்ள முடியும். பொது இயக்கி இல்லாவிடில் அந்த முதற்படியே இல்லை. இருபது நிமிட வேலை ஒரு மணி நேரமாவதும், வேலை நடவாமலே போவதும் ஒரே வகை இழப்புகள் அல்ல. தற்காலிகமாகக் கருதப்பட வேண்டிய இவ்வேற்பாட்டையே நிரந்தரமாக்கிக்கொண்டு, இயந்திரம் மெதுவாக இருக்கிறது என்று புதியதற்கு ஒப்புதல் கோருவதுதான் தவிர்க்கப்பட வேண்டியது.

பொது வழி இல்லாத இடங்கள்

இத்தகைய வசதி எல்லா வகைக் கருவிகளுக்கும் வாய்க்கவில்லை. ஸ்கஸி என்னும் முறை இதற்குத் தக்க சான்று. அதில் வட்டுக்கு இடப்படும் ஆணைகள் யாவும் தரப்படுத்தப்பட்டிருந்தன. ஆனால் அவ்வாணைகளைக் கொண்டுசெல்லும் அட்டையின் பதிவகங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் பொது உடன்பாடு ஏற்படவில்லை. அடாப்டெக் அட்டைக்கு ஓர் இயக்கி, பஸ்லாஜிக் அட்டைக்கு வேறோர் இயக்கி என்ற நிலை நீடித்தது. 1990-களில் ஸ்லாக்வேர் லினக்ஸ் நிறுவலுக்கு, ஐ.டி.இ. இயந்திரங்களுக்கென ஒரு தொடக்க நெகிழ்வட்டும், ஸ்கஸி அட்டைகளின் வகைக்கேற்பப் பல வேறு நெகிழ்வட்டுகளும் தரப்பட்டன. தரநிலை பாதி வழியில் நின்றுவிட்டால், எஞ்சிய பாதியைப் பயனாளர்தான் நடந்து கடக்க வேண்டியுள்ளது.

விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. ஆகியவற்றின் நிறுவலில் இந்தச் சுமை வேறு வடிவம் எடுத்தது. நிறுவல் தொடங்கிய சில வினாடிகளுக்குள் எஃப்6 என்னும் விசையை அழுத்தினால், கூடுதல் இயக்கியை ஏற்கும் வாய்ப்பு வழங்கப்பட்டது. அந்த இயக்கியை நெகிழ்வட்டிலிருந்து மட்டுமே பெற முடியும். 2001-இல் எக்ஸ்.பி. வெளிவந்தபோது இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. 2003-இல் சாட்டா தரநிலையும், 2004-இல் அதற்கான ஏ.எச்.சி.ஐ. என்னும் புதிய இடைமுகமும் வெளியாயின, எக்ஸ்.பி.யோ அவ்விடைமுகத்தை அறியாது. அதே ஆண்டுகளில் மடிக்கணினிகளிலிருந்து நெகிழ்வட்டு இயக்ககங்கள் நீக்கப்பட்டு வந்தன. புதிய கட்டுப்படுத்திக்கு இயக்கி வேண்டும். இயக்கிக்கு நெகிழ்வட்டு வேண்டும். நெகிழ்வட்டை இடுவதற்கு வாய் இல்லை. 2007-இல் பொது விற்பனைக்கு வந்த விஸ்டா, குறுந்தகடு, பென் டிரைவ் ஆகியவற்றிலிருந்தும் இயக்கியைப் பெற வழி செய்தது.

இடைப்பட்ட காலத்தில் நிறுவலைக் காப்பாற்றியது மென்பொருள் அன்று. சாட்டா கட்டுப்படுத்தியைப் பழைய ஐ.டி.இ. போலத் தோன்றச் செய்யும் ஓர் அமைப்பைத் தாய்ப்பலகைத் தயாரிப்பாளர்கள் பயாஸில் வைத்திருந்தனர். அதை மாற்றியவுடன், 2005-இன் சில்லு 1984-இன் இயந்திரத்தைப் போல நடந்துகொண்டது. இவ்வழியில் நிறுவிய பிறகு அமைப்பைத் திரும்ப மாற்றியவர்கள், தொடக்க வட்டை அடைய முடியவில்லை என்னும் 7பி எண்ணிட்ட நீலத்திரைப் பிழையைச் சந்தித்தனர்; நிறுவலின்போது ஏற்ற இயக்கி வேறு, இப்போது தேவைப்படும் இயக்கி வேறு என்பதே அதன் பொருள்.

சேவைக் கணிப்பொறிகளில் பயன்படும் ரெய்டு கட்டுப்படுத்திகளுக்கு இன்றளவும் பொது இயக்கி இல்லை. ரெட் ஹேட் போன்ற வெளியீடுகள், நிறுவலின்போது தனி இயக்கி வட்டை ஏற்கும் வசதியைத் தருகின்றன. 2019-இல் வெளியான அதன் எட்டாம் பதிப்பு, பழைய சேமிப்புக் கட்டுப்படுத்திகள் பலவற்றுக்கான ஆதரவை நீக்கியது. வன்பொருள் மாறாதிருக்க, மென்பொருள் முன்னேறியதால் வட்டு மறைந்த நிலை அது. புதியவற்றை அறியாமை மட்டுமன்றி, பழையவற்றை மறப்பதும் இச்சிக்கலுக்குக் காரணமாகலாம் என்பது கவனிக்கத்தக்கது.

பொதுமையின் ஆபத்து

தெரியாத கருவியைத் தெரிந்ததாகப் பாவிப்பதில் உள்ள இடரையும் கூறியாக வேண்டும். 1990-களின் நடுப்பகுதியில் பல தாய்ப்பலகைகளில் இடம்பெற்ற ஆர்.இசட்.1000, சி.எம்.டி.640 என்னும் இரு ஐ.டி.இ. சில்லுகள் வெளித்தோற்றத்தில் மரபுக்கு உட்பட்டவையே. ஆயினும் அவற்றின் உள்ளமைப்பில் இருந்த குறையால், சில சூழ்நிலைகளில் தரவுகள் ஓசையின்றிச் சிதைந்தன. 1995-இல் இது பரவலாக வெளிப்பட்டது. சாதாரண ஐ.டி.இ. கட்டுப்படுத்தி என்று கருதி வேலை வாங்கிய முறைமைகளுக்குப் பிழைச்செய்தி எதுவும் கிடைக்கவில்லை; பல நாட்கள் கழித்துக் கோப்பைத் திறக்கும்போதே சேதம் தெரிய வந்தது. அதன் பின்னர் லினக்ஸ் கருநிரலில் இவ்விரு சில்லுகளையும் பெயர் கொண்டு அடையாளம் கண்டு, குறையைத் தவிர்க்கும் பகுதிகள் சேர்க்கப்பட்டன. பொது இயக்கியும், விலக்குகளின் பட்டியல் ஒன்றைத் தன்னுடன் வைத்திருக்க வேண்டியுள்ளது.

ரெய்டு அமைப்பில் இடர் இன்னும் கூடுதல். இரு வட்டுகளில் ஒரே தரவு பிரதியாக வைக்கப்பட்டிருக்கும்போது, பொது இயக்கி அவற்றை இரு தனி வட்டுகளாகக் காட்டக்கூடும். ஒன்றில் மட்டும் நிறுவலைச் செய்தால் பிரதிகள் இரண்டும் வேறுபட்டுவிடும். முன்பு பயன்பாட்டில் இருந்த இயந்திரத்தில் வட்டு தெரியவில்லை என்று கட்டுப்படுத்தியின் அமைப்பை மாற்றுவதற்கு முன், உள்ளிருக்கும் தரவுக்குப் பிரதி உள்ளதா என்பதை உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது.

இன்றைய நிலை

கடந்த இருபது ஆண்டுகளின் போக்கு ஒருவகையில் ஊக்கம் தருவதே. ஏ.எச்.சி.ஐ. தரநிலை, கட்டுப்படுத்தியின் பதிவகங்களையே முழுமையாக வரையறுத்தது. ஸ்கஸியில் விடுபட்ட பாதி இங்கு நிறைவு செய்யப்பட்டது. 2011 மார்ச்சில் வெளியான என்.வி.எம்.இ. தரநிலையும் அவ்வாறே. வகுப்பு எண்ணைப் பார்த்து ஏற்கும் ஒரே இயக்கி, பல தயாரிப்பாளர்களின் கருவிகளை முழு வேகத்தில் இயக்குகிறது. லினக்ஸில் 2012-இலும், விண்டோஸில் 8.1 பதிப்போடு 2013-இலும் என்.வி.எம்.இ. இயக்கி உடன் வரலாயிற்று. இங்கு பொது இயக்கி என்பது கடைசிப் புகலிடம் அன்று. அதுவே முதன்மை இயக்கி. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அலுவலக இயந்திரங்களில் பெரும்பாலானவை ஏ.எச்.சி.ஐ. வகையைச் சேர்ந்தவை என்பதால், அவற்றில் லினக்ஸ் நிறுவுவதற்கு வட்டு ஒரு தடையாக இருப்பதில்லை. பழைய ஐ.டி.இ. இயக்கித் தொகுதி லினக்ஸ் கருநிரலிலிருந்து 2021-இல் நீக்கப்பட்டபோதும், அவ்வகை வட்டுகளுக்கான இயக்கிகள் புதிய தொகுதியில் தொடர்ந்து இடம்பெற்றுள்ளன.

தடை வேறு திசையிலிருந்து வந்துள்ளது. தரநிலைக்கு உட்பட்ட வட்டையே, தயாரிப்பாளரின் தனி ஏற்பாடு ஒன்றுக்குப் பின்னால் மறைத்து வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. 2016-இல் ஒரு பெரும் நிறுவனத்தின் மடிக்கணினி வகையொன்றில், கட்டுப்படுத்தி ரெய்டு முறையிலேயே பூட்டப்பட்டிருந்தது. அதை மாற்றும் வாய்ப்பு நிலைபொருளில் அளிக்கப்படவில்லை. உள்ளிருந்த வட்டு லினக்ஸுக்குத் தென்படவே இல்லை. பயனாளர்களின் எதிர்ப்புக்குப் பின் அந்நிறுவனம், ஏ.எச்.சி.ஐ. முறையை அனுமதிக்கும் தனி நிலைபொருளை அதே ஆண்டில் வெளியிட்டது. இன்டெலின் பதினோராம் தலைமுறைச் செயலிகள் முதல் மடிக்கணினிகளில் காணப்படும் வி.எம்.டி. என்னும் ஏற்பாடும் இத்தகையதே. என்.வி.எம்.இ. வட்டு அதன் பின்னால் இருக்கிறது; வி.எம்.டி.க்கான இயக்கி இல்லாத நிறுவல் நிரலுக்கு வட்டே இல்லாதது போன்ற தோற்றம். லினக்ஸில் இதற்கான இயக்கி 2016-இல் சேர்க்கப்பட்டு, புதிய சில்லுகளுக்கேற்ப விரிவாக்கப்பட்டு வருகிறது. விண்டோஸ் 10 நிறுவலில் வட்டுப் பட்டியல் வெறுமையாகத் தோன்றியதால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இயக்கியைப் பெற்றுப் பென் டிரைவில் இட்டு ஊட்ட வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. எஃப்6 விசைக் காலத்தின் துன்பம் வேறு உருவில் திரும்பியது எனலாம்.

வி.எம்.டி.யை நிலைபொருளில் நிறுத்திவிடுவது மற்றொரு வழி. புதிய நிறுவலுக்கு அது போதுமானது. ஏற்கெனவே விண்டோஸ் இருந்து, அதனுடன் இரண்டாவதாக லினக்ஸை நிறுவ விரும்பினால், இம்மாற்றத்தால் விண்டோஸ் தொடங்காமற் போகக்கூடும். வட்டு மறைக்குறியாக்கம் செய்யப்பட்டிருப்பின் மீட்புக் குறியீட்டையும் அது கேட்கலாம்.

மெய்நிகர் இயந்திரங்களில் பழைய மரபு இன்னும் உயிரோடு இருப்பது ஒரு சுவையான செய்தி. வேகமிக்க மெய்நிகர் வட்டு முறைக்கு விண்டோஸ் நிறுவலில் இயக்கி இல்லாதபோது, 1990-களின் இன்டெல் ஐ.டி.இ. சில்லு ஒன்றின் போலியை உருவாக்கி அதன் வழியாக நிறுவலை முடிப்பது வழக்கம். கல்லில் இல்லாத சில்லு மென்பொருளில் வாழ்கிறது.

கொள்முதலும் தரநிலையும்

பொருளாதார நோக்கில், பொது இயக்கி ஒரு பொதுப்பயன் பண்டம். அதை எழுதுவதற்கான செலவு ஒரு முறை, பயன் எண்ணற்றோருக்கு. எழுதுவதற்குத் தகுதியான தரநிலை இருப்பதே அதன் முன்தேவை. தயாரிப்பாளர் தரநிலையைக் கைவிட்டுத் தனி ஏற்பாட்டைப் புகுத்தும்போது கிடைக்கும் ஆதாயம் அவருடையது. நிறுவல் நின்றுபோவதால் ஏற்படும் செலவு, தொலைவில் உள்ள பள்ளியின் ஆசிரியருக்கும் வட்டார அலுவலகத்தின் ஊழியருக்கும் உரியது. விலைப்புள்ளிகளை ஒப்பிடும் பட்டியலில் இச்செலவு எங்கும் இடம்பெறுவதில்லை. பெருமளவில் வாங்கும் நிலையில் அரசுதான் இதைப் பட்டியலுக்குள் கொண்டுவர முடியும்.

அதற்கான கொள்கை அடிப்படையும் உள்ளது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளியாயிற்று. பள்ளிகளுக்கென அதன் தனிப் பதிப்பும் உண்டு. அரசு அமைப்புகளில் திறந்த மூல மென்பொருளை ஏற்பது குறித்த கொள்கையை மத்திய அரசு 2015-இல் அறிவித்தது. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க, வன்பொருள் அதற்கு இடம் தர வேண்டும். ஒப்பந்தப் புள்ளியின் தொழில்நுட்பப் பகுதியில், செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் குறிப்பிடுவதோடு, வட்டுக் கட்டுப்படுத்தி ஏ.எச்.சி.ஐ. அல்லது என்.வி.எம்.இ. தரநிலையில் இயங்க வல்லதாக இருத்தல் வேண்டும் என்றும், தனி ஏற்பாடு ஏதேனும் இருப்பின் அதை நிறுத்தும் வாய்ப்பு நிலைபொருளில் திறந்திருத்தல் வேண்டும் என்றும் இரு வரிகளைச் சேர்ப்பதால் விலை உயரப் போவதில்லை.

நிறுவலில் வட்டு தெரியாதபோது ஊழியர் செய்யத்தக்கவை சிலவே. முதலில் நிலைபொருளின் அமைப்பில் ரெய்டு அல்லது வி.எம்.டி. இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பி.சி.ஐ. பட்டியலில் கட்டுப்படுத்தியின் வகுப்பு எண்ணைக் காண வேண்டும். 06 அல்லது 08 எனில் புதிய பதிப்பின் நிறுவல் நிரலே பெரும்பாலும் போதும், 01 எனில் பொது ஏ.டி.ஏ. இயக்கியை முயன்று பார்க்கலாம், 04 எனில் தயாரிப்பாளரின் இயக்கியே தேவைப்படலாம். டெபியன் வழி வந்த நிறுவல் நிரல்கள், வட்டு தென்படாதபோது இயக்கிகளின் பட்டியல் ஒன்றைக் காட்டி அதிலிருந்து தேர்ந்துகொள்ளவும் அனுமதிக்கின்றன. நிறுவி முடிந்த பின், எந்த இயக்கி பணி செய்கிறது என்பதைக் கருநிரலின் தொடக்கப் பதிவில் பார்த்து, பொது ஏ.டி.ஏ. இயக்கியாக இருப்பின் உரியதைப் பொருத்த முயல வேண்டும்.

பெருந்தொகையில் வாங்கும்போது இவ்வேலையை முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம். வந்து சேர்ந்த தொகுதியிலிருந்து ஒன்றிரண்டு இயந்திரங்களை எடுத்து, நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் பென் டிரைவால் தொடங்கி, வட்டு பட்டியலில் தெரிகிறதா என்று சரிபார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஏற்புச் சான்றில் கையொப்பமிடுவதற்கு முன் அது செய்யப்பட்டால், தெரியாத வட்டுக்கு விடை காணும் பொறுப்பு விற்றவரிடமே இருக்கும்.